கண் அயர்ச்சி: ஒரு தொழில்நோயின் முந்நூறு ஆண்டுகள்

கணினித்திரையின் முன் நெடுநேரம் வேலை செய்வோருக்கு வரும் கண் எரிச்சல், மணல் விழுந்தாற்போன்ற உறுத்தல், பார்வை மங்கல், நெற்றிவலி, இமை வீக்கம் ஆகியவை கணினிக்கு மிகவும் மூத்தவை. சிறு பொருளை அருகில் வைத்து மணிக்கணக்கில் உற்றுப் பார்க்க வேண்டிய தொழில் எதுவானாலும் அதைச் செய்தவர்கள் இவற்றைச் சொல்லி வந்திருக்கிறார்கள். பொற்கொல்லர், கடிகாரம் செய்வோர், சரிகை பின்னிய பெண்கள், தையற்காரர், அச்சுக்கோப்பவர், எழுத்தர் என்று அந்த வரிசை நீளும். காரணம் பிடிபடாத காலங்களில் மருத்துவர்கள் நோயாளியின் நரம்புத் தளர்ச்சி மேல் பழி போட்டார்கள். புது இயந்திரம் வந்த காலங்களில் அதிலிருந்து கசியும் ஏதோ ஒரு சக்தி மேல் மக்கள் பழி போட்டார்கள். இரண்டு பழிகளும் பெரும்பாலும் பொய்த்தன; ஆனால் தொழிலாளர் சொன்ன குறை ஒருபோதும் பொய்க்கவில்லை. தூரம், வெளிச்சம், இமைப்பு, ஓய்வு ஆகிய எளிய காரணங்களை மருத்துவம் ஒவ்வொன்றாகக் கண்டடைந்த வரலாறு இது.

நுணுக்க வேலையும் மெழுகுவர்த்தி வெளிச்சமும்

தொழில்நோய்களுக்கென்று முதல் முழுநூலை எழுதியவர் இத்தாலிய மருத்துவர் பெர்னார்தினோ ரமாட்சினி. 1700-இல் மோதெனா நகரில் அந்நூல் வெளிவந்தது. விரிவாக்கிய பதிப்பு 1713-இல் வந்தது. நோயாளியைப் பார்க்கும் மருத்துவர் வழக்கமான கேள்விகளோடு ‘என்ன தொழில் செய்கிறீர்கள்?’ என்பதையும் கேட்டாக வேண்டும் என்று சொன்னவர் அவர். நுணுக்க வேலை செய்வோருக்கென்று அவர் தனி அத்தியாயமே எழுதினார். கடிகாரம் போன்ற சிறு பொருள்களைச் செய்வோரின் பார்வை வேலையாலேயே கெடுகிறது என்று அதில் பதிவு செய்தார். தலையைக் குனிந்தபடியே இருக்காமல் அவ்வப்போது வேலையை நிறுத்திக் கண்ணை வேறு பக்கம் திருப்ப வேண்டும், மூக்குக்கண்ணாடியைப் பயன்படுத்த வேண்டும் என்பவை அவர் சொன்ன வழிகள். காரணத்துக்கு அவர் தந்த விளக்கம் இன்று நிற்காது. வழிமுறை இன்றும் நிற்கிறது.

அக்காலத்தில் வெளிச்சமே பெருங்குறை. ஐரோப்பாவில் சரிகை பின்னிய பெண்கள் மாலையில் ஒரு மெழுகுவர்த்தியைச் சுற்றி உட்கார்ந்து வேலை செய்தார்கள். தண்ணீர் நிரப்பிய கண்ணாடிக் குடுவைகளைச் சுடருக்கு முன் வைத்து, அவை குவித்துத் தரும் சிறு வெளிச்சத்தில் நூலைப் பின்னினார்கள். சுடரிலிருந்து தள்ளி உட்கார்ந்தவர்களுக்குக் கிடைத்த வெளிச்சம் இன்னும் குறைவு. அந்த ஒளியில் ஊசிமுனையைத் தேடிய கண்கள் இளவயதிலேயே தளர்ந்தன.

கண்ணாடியால் விடுபட்ட முதல் புதிர்

19-ஆம் நூற்றாண்டில் நகரத் தொழிற்கூடங்கள் பெருகியபோது ஒரு வகை நோயாளிகள் மருத்துவர்களைக் குழப்பினார்கள். தையற்காரரும் அச்சுக்கோப்பவரும் காலையில் நன்றாகப் பார்த்தார்கள். வேலை தொடங்கிச் சிறிது நேரத்தில் எழுத்து மங்கியது, நெற்றி வலித்தது, கண்ணில் நீர் வடிந்தது. கொஞ்சம் ஓய்வெடுத்தால் சரியானது. மறுபடி தொடங்கினால் மறுபடி வந்தது. கண்ணைச் சோதித்தால் சிவப்பும் இல்லை, புண்ணும் இல்லை. கிளாஸ்கோ கண் மருத்துவர் வில்லியம் மெக்கன்சி 1843-இல் இதை ‘அஸ்தெனோபியா’ என்ற தனி நோயாக விவரித்தார். விவரித்தது துல்லியமாக இருந்தாலும் கைவசம் மருந்து இல்லை. நுணுக்க வேலையை விட்டுவிட்டு வெளியில் செய்யும் தொழிலுக்குப் போவதே வழி என்ற நிலையில்தான் அன்றைய மருத்துவம் இருந்தது. பிழைப்பு ஊசியில் இருந்தவருக்கு அது பட்டினிக்கான சீட்டு.

இப்புதிரை விடுவித்தவர் உட்ரெக்ட் நகரத்து டச்சு மருத்துவர் ஃபிரான்சிஸ்கஸ் தாண்டர்ஸ். ஜெர்மானிய அறிஞர் ஹெல்ம்ஹோல்ட்ஸ் 1851-இல் அறிமுகப்படுத்திய கண்நோக்கியால் விழியின் உட்புறம் முதன்முறையாக மருத்துவர் கண்ணுக்குத் தெரியலாயிற்று. 1862-இல் உட்ரெக்டிலேயே கண் மருத்துவர் ஸ்னெல்லன் எழுத்துப் பலகையை வெளியிட்டார். பார்வையை எண்ணால் அளக்க முடிந்தது. இந்தக் கருவிகளின் துணையோடு 1864-இல் வெளிவந்த தமது பெருநூலில் தாண்டர்ஸ் விளக்கம் தந்தார். அருகில் பார்க்கும்போது விழிக்குள் இருக்கும் சிறு தசை இறுகி, வில்லையைத் தடிக்க வைக்கிறது. தூரப்பார்வை உள்ளவரின் விழி சற்றுக் குட்டையானது. அவர் தொலைவைத் தெளிவாகப் பார்க்கவே இந்தத் தசையை இறுக்க வேண்டும். அருகில் பார்க்க இன்னும் கூடுதல் இறுக்கம் தேவை. நாள் முழுதும் தாங்க முடியாமல் தசை தளரும்போது எழுத்து மங்குகிறது. குவிவில்லைக் கண்ணாடி அந்தச் சுமையைத் தான் ஏற்றுக்கொள்ளும்.

குவிவில்லை வெள்ளெழுத்து வந்த முதியவர்களுக்கு மட்டுமே உரியது என்றும், இளைஞருக்குக் கொடுத்தால் கண்ணைக் கெடுக்கும் என்றும் அதுவரை மருத்துவர்கள் நம்பியிருந்தார்கள். எனவே மருந்து கண்ணாடிக்காரர் கடையில் இருந்தும் நோயாளிக்கு மறுக்கப்பட்டு வந்தது. தாண்டர்ஸுக்குப் பின் ஆயிரக்கணக்கான தொழிலாளர் தம் தொழிலுக்கே திரும்பினார்கள். அதே காலத்தில் பெர்லின் நகரத்துக் கண் மருத்துவர் ஆல்பிரெக்ட் ஃபான் கிரேஃபெ வேறொரு காரணத்தையும் காட்டினார். அருகில் பார்க்கும்போது இரு விழிகளும் உள்நோக்கித் திரும்ப வேண்டும். அதற்கான தசைகள் வலுவிழந்தாலும் அயர்ச்சி வரும்.

பள்ளிக்கூடங்களும் கவனத்துக்கு வந்தன. பிரெஸ்லாவ் நகரத்துக் கண் மருத்துவர் ஹெர்மன் கோன் 10,060 மாணவர்களைச் சோதித்து 1867-இல் முடிவுகளை வெளியிட்டார். கிராமப் பள்ளிகளில் நூற்றுக்கு ஓரிருவருக்கே இருந்த கிட்டப்பார்வை, உயர்நிலைப் பள்ளிகளில் கால்வாசி மாணவர்களுக்கு இருந்தது. மேசையின் உயரம், சன்னலின் பக்கம், எழுத்தின் அளவு ஆகியவை கண்ணின் நலத்தோடு சேர்த்துப் பேசப்பட்டது இதன் பிறகுதான். அமெரிக்க நரம்பியல் மருத்துவர் வீர் மிட்செல் 1870-களில் தலைவலிக்கும் கண் அயர்ச்சிக்கும் உள்ள தொடர்பைக் காட்டினார். பிலடெல்பியாவின் கண் மருத்துவர் ஜார்ஜ் கூல்டு இன்னும் ஒருபடி போய், 1903 முதல் எழுதிய நூல் வரிசையில் டார்வின், கார்லைல் போன்றோரின் நெடுநாள் நோய்களுக்கெல்லாம் கண் அயர்ச்சியே வேர் என்று வாதிட்டார். இந்த மிகைப்படுத்தலால், நியாயமான குறை சொன்னவர்களையும் மருத்துவ உலகம் ஐயத்தோடு பார்க்க நேர்ந்தது.

அலுவலகத்துக்குள் வந்த படக்குழாய்

1970-களில் செய்தித்தாள், காப்பீடு, விமான முன்பதிவு, தொலைபேசி நிறுவனங்களின் மேசைகளில் கணினியோடு இணைந்த திரைமுனையங்கள் ஏறின. இவற்றின் உள்ளே இருந்தது படக்குழாய். மின்னணுக்கற்றை கண்ணாடியின் உட்புறப் பூச்சில் பட்டு ஒளிரச் செய்யும். ஒளி உடனே மங்கும். ஒரு நொடிக்கு 50 அல்லது 60 முறை மறுபடி வரைய வேண்டும். கறுத்த பின்புலத்தில் பச்சை அல்லது மஞ்சள் எழுத்து மிதந்தது. அச்சிட்ட எழுத்துக்கு இருக்கும் கூர்விளிம்பு அதற்கு இல்லை. வளைந்த கண்ணாடியில் சன்னலும் கூரை விளக்கும் பிரதிபலித்தன. மேசை மேல் இருக்கும் வெள்ளைத் தாளையும் கறுந்திரையையும் மாறி மாறிப் பார்த்து எழுத்துத் தட்டியவரின் கண், நாள் முழுதும் வெளிச்சத்துக்கும் இருட்டுக்கும் இடையே போய்வந்தது. தட்டச்சுப்பொறியில் தாள் மாற்றவும் பிழை அழிக்கவும் கிடைத்த சிறு இடைவேளைகளும் மறைந்தன.

குறைகள் குவிந்தன. 1977-இல் நியூயார்க் டைம்ஸ் நாளிதழில் திரைமுனையத்தில் வேலை செய்த இளவயதுச் செய்தித் திருத்துநர் இருவருக்குக் கண்புரை வந்தது. தொழிற்சங்கம் கதிர்வீச்சுதான் காரணம் என்றது. அந்த அச்சத்துக்கு ஒரு முன்கதை இருந்தது. பத்து ஆண்டுகளுக்கு முன் 1967-இல் அமெரிக்காவில் சில வண்ணத் தொலைக்காட்சிப் பெட்டிகளிலிருந்து எக்ஸ் கதிர் கசிந்தது தெரியவந்து, 1968-இல் தனிச் சட்டமே இயற்றப்பட்டிருந்தது. படக்குழாயைக் கண்டு தொழிலாளர் அஞ்சியது அறியாமையால் அன்று.

அமெரிக்க அரசின் தொழில் பாதுகாப்பு, நலவாழ்வு ஆய்வு நிறுவனம் அலுவலகங்களுக்குப் போய் அளந்தது. குழாயில் பிறக்கும் மென்மையான எக்ஸ் கதிரைத் தடித்த கண்ணாடியே உறிஞ்சிக்கொண்டது. தீங்கு தரும் அளவுக்குக் கதிர் வெளியே வரவில்லை. ஆனால் சான் பிரான்சிஸ்கோ வட்டார அலுவலகங்களில் நடத்தி 1981-இல் வெளியிட்ட ஆய்வில், திரையில் வேலை செய்வோர் மற்ற ஊழியரைவிடக் கூடுதலாகக் கண் அயர்ச்சியும் கழுத்துவலியும் சொன்னது பதிவாயிற்று. 1980-இல் மிலான் நகரில் கூடிய பன்னாட்டு மாநாடும் இதே பொருளை ஆராய்ந்தது. அதை முன்னின்று நடத்தியவர்களில் ஒருவர் சூரிக் நகரத்துப் பணியியல் அறிஞர் எத்தியென் கிராஞ்ஜான். 1983-இல் அமெரிக்கத் தேசிய ஆராய்ச்சி மன்றத்தின் குழு அறிக்கை தந்தது. திரை கண்ணை நோய்ப்படுத்துகிறது என்பதற்குச் சான்று இல்லை. திரையின் தரம், வெளிச்சம், இருக்கை, வேலையின் ஒழுங்கு ஆகியவற்றின் குறைகளே அயர்ச்சிக்குக் காரணம் என்பது அதன் சாரம். ‘சான்று இல்லை’ என்ற முதல் பாதியை நிறுவனங்கள் பற்றிக்கொண்டன; இரண்டாம் பாதியைத் தொழிற்சங்கங்கள் பற்றிக்கொண்டன. நடைமுறை மாற்றங்கள் இரண்டாம் பாதியிலிருந்தே பிறந்தன.

கருச்சிதைவு பற்றிய அச்சமும் அதே ஆண்டுகளில் பரவியது. தொலைபேசி இயக்குநர்களிடையே நடத்தி 1991-இல் வெளியான பெரிய அமெரிக்க ஆய்வு, திரைமுனையத்தில் வேலை செய்தவர்களுக்குக் கருச்சிதைவு கூடவில்லை என்று காட்டியது.

முகத் தடிப்பும் மின்புலமும்

நார்வேயின் பெர்கன் நகரிலிருந்து 1981-இல் வேறொரு செய்தி வந்தது. திரைமுனைய ஊழியர் சிலருக்குக் கன்னத்தில் அரிப்பும் சிவந்த தடிப்பும் வந்தன. குளிர்நாட்டில் சூடேற்றிய அலுவலகத்தின் காற்று மிக வறண்டது. செயற்கை நூல் கம்பளத்தில் நடந்தால் உடலில் நிலைமின் சேரும். படக்குழாயின் முகப்பிலும் உயர் மின்னூட்டம் இருந்தது. இரண்டுக்கும் நடுவே மிதக்கும் தூசித்துகள் முகத்தில் படிகிறது என்பது ஆய்வாளரின் ஊகம். நிலைமின் சேராத தரைவிரிப்பும், தரையிறக்கக் கம்பியோடு கூடிய திரைமறைப்பும் இந்தக் காலத்தில்தான் பரவின.

ஸ்வீடனில் இந்தக் குறை பெருகியது. முகம் எரிகிறது, கண் வீங்குகிறது, தலை சுற்றுகிறது என்று சொன்னவர்களில் சிலர் மின்சாரமே தமக்கு ஒவ்வவில்லை என்ற முடிவுக்கு வந்து வேலையை விட்டார்கள். ஆய்வுக்கூடங்களில் மின்புலம் இருப்பதையும் இல்லாததையும் அவர்களுக்குத் தெரியாமல் மாற்றிச் சோதித்தார்கள். இப்படிப்பட்ட 31 சோதனைகளைத் தொகுத்த 2005-ஆம் ஆண்டு ஆய்வு, மின்புலத்தை உணரவோ அதனால் நோயுறவோ முடிகிறது என்பதற்கு உறுதியான ஆதாரம் காணவில்லை. அதே ஆண்டு உலக நலவாழ்வு நிறுவனம் தந்த குறிப்பு கவனத்துக்குரியது. நோயாளியின் துன்பம் உண்மையானது, அது அவரை முடக்கிப்போடவும் கூடும். ஆனால் மின்புலத்தோடு அதை இணைக்க ஆதாரமில்லை. எனவே அறையின் காற்று, வெளிச்சம், திரையின் துடிப்பு, வேலை நெருக்கடி ஆகியவற்றையும் வேறு நோய்களையும் தேட வேண்டும் என்றது அந்நிறுவனம்.

அச்சம் முழுவதும் வீணாகவில்லை. ஸ்வீடனின் அளவை, சோதனை அமைப்பு 1987-இலும் 1990-இலும் திரைகளின் மின்புலத்துக்கு வரம்பு வகுத்தது. அந்நாட்டு ஊழியர் கூட்டமைப்பான டிசிஓ 1992-இல் தன் தரமுத்திரையைக் கொண்டுவந்தது. துடிப்பு குறைந்த, எழுத்துத் தெளிந்த, கண்கூச்சம் தணிந்த திரைகள் உலகச் சந்தைக்கு வர இந்த முத்திரை ஒரு தூண்டுகோலாயிற்று. ஐரோப்பியச் சமூகம் 1990 மே 29 அன்று ஆணை பிறப்பித்தது. திரைவேலை தொடங்குமுன்னும், பின்னர் உரிய கால இடைவெளிகளிலும், குறை தோன்றும்போதும் கண் சோதனை. தேவையானால் அந்த வேலைக்கென்று கண்ணாடி. இடையிடையே ஓய்வு அல்லது வேலை மாற்றம். சோதனைக்கும் கண்ணாடிக்கும் ஊழியரிடம் காசு வாங்கக் கூடாது.

இமையும் கண்ணீரும்

தூரமும் வெளிச்சமும் சரியான பின்னும் எரிச்சலும் வீக்கமும் பலருக்கு நீடித்தன. விடை விழியின் மேற்பரப்பில் இருந்தது. கருவிழியின் மேல் மெல்லிய கண்ணீர்ப்படலம் பரவியிருக்கிறது. அதன் மேல்மட்டத்தில் எண்ணெய்ப் படிவு உண்டு. நீர் ஆவியாகாமல் காப்பது அதுவே. அந்த எண்ணெயைச் சுரப்பவை இமைகளுக்குள் வரிசையாக அமைந்த சுரப்பிகள். மேலிமையில் 25 முதல் 40 வரையும் கீழிமையில் 20 முதல் 30 வரையும் இருக்கும். 1666-இல் இவற்றை விரிவாக விவரித்த ஜெர்மானிய மருத்துவர் ஹைன்ரிஷ் மைபோம் பெயரால் இவை மைபோமியன் சுரப்பிகள் எனப்படுகின்றன. ஒவ்வொரு முறை இமை முழுதாக மூடித் திறக்கும்போதும் சுரப்பிகள் அழுந்திச் சிறிது எண்ணெய் வெளிவருகிறது.

ஜப்பானிய மருத்துவர்கள் ட்சுபோட்டாவும் நாகமோரியும் 1993-இல் அலுவலக ஊழியர் 104 பேரைக் கணக்கெடுத்து வெளியிட்ட சிறு குறிப்பு பெரிய வெளிச்சம் தந்தது. ஓய்வாக இருக்கும்போது நிமிடத்துக்குச் சராசரியாக 22 முறை இமைத்தவர்கள், புத்தகம் படிக்கையில் 10 முறையும், திரையைப் பார்க்கையில் 7 முறையும் மட்டுமே இமைத்தார்கள். புத்தகத்தைக் குனிந்து படிக்கும்போது இமை பாதி தாழ்ந்திருக்கும். திரையை நேராகவோ அண்ணாந்தோ பார்க்கும்போது விழி அகலத் திறந்திருக்கும். ஆவியாகும் பரப்பும் கூடும். குளிரூட்டியின் காற்று முகத்தில் நேரே வீசினால் படலம் இன்னும் விரைவாக உடையும். திரையின் மேல்விளிம்பு கண்மட்டத்துக்குச் சற்றுக் கீழே இருக்க வேண்டும் என்ற விதிக்கு இது உடலியல் காரணம்.

வீக்கத்தின் விளக்கமும் இங்கிருந்தே கிடைத்தது. உற்றுப் பார்ப்பவர் இமைத்தாலும் பாதி மட்டுமே இமைக்கிறார். சுரப்பி அழுந்துவதில்லை, எண்ணெய் தேங்கி, ஆறிய நெய்யைப் போல் இறுகுகிறது. இமை விளிம்பு சிவந்து தடிக்கும். சில வேளை கட்டியும் வரும். வறண்ட கண் அரிக்கும்போது தேய்ப்பதால் இமையின் மெல்லிய தோல் மேலும் வீங்கும். சுரப்பி அடைப்பு தனி நோய்நிலையாகப் பேசப்படத் தொடங்கியது 1980-இல்தான். மிதமான வெந்நீர் ஒத்தடம், அதன்பின் இமை விளிம்பை மெல்ல நீவிச் சுத்தம் செய்தல், முழுதாக இமைக்கும் பழக்கம் ஆகியவை இதற்கு முதல் மருத்துவம்.

எல்லா வீக்கமும் திரையால் வருவதில்லை என்பதும் இந்த வரலாற்றில் தெளிந்தது. முகப்பூச்சோ கண்மையோ ஒவ்வாமல் வரலாம். இரு இமையும் காலையில் வீங்கி, காலும் வீங்கினால் சிறுநீரகத்தைப் பார்க்க வேண்டும். விழி முன்தள்ளினால் தைராய்டு நோயை ஐயுற வேண்டும். ஒரு பக்க இமை வலியோடும் காய்ச்சலோடும் வீங்கினாலும், பார்வை குறைந்தாலும், இரட்டையாகத் தெரிந்தாலும் அன்றே மருத்துவரிடம் போக வேண்டும்.

தட்டைத்திரைக் காலம்

2000-க்குப் பின் படக்குழாய் மறைந்து தட்டைத்திரை வந்தது. எக்ஸ் கதிர் என்ற பேச்சுக்கே இடமில்லை; முகப்பின் நிலைமின் போயிற்று; நொடிக்கு அறுபது முறை துடித்த படமும் போயிற்று. ஆனால் கண் அயர்ச்சி போகவில்லை. குழாயே குற்றவாளி என்றால் அதோடு குறையும் மறைந்திருக்க வேண்டும். வேலையின் தன்மையே முதற்காரணம் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று ஆய்வுக்கூடத்தில் கிடைத்திருக்காது.

துடிப்பு மட்டும் வேறு உருவில் திரும்பியது. கண்ணுக்குத் தெரியாத துடிப்பும் துன்பம் தரும் என்பதை 1989-இல் பிரிட்டனில் ஆர்னல்ட் வில்கின்ஸ் குழுவினர் காட்டியிருந்தார்கள். குழல்விளக்கின் நொடிக்கு நூறு துடிப்பை உயர் அலைவெண்ணுக்கு மாற்றியபோது அலுவலகத்தில் தலைவலியும் கண் அயர்ச்சியும் பாதிக்கும் கீழே இறங்கின. பல தட்டைத்திரைகளும் கைப்பேசிகளும் வெளிச்சத்தைக் குறைக்க, பின்விளக்கை வேகமாக அணைத்து ஏற்றுகின்றன. வெளிச்சம் குறைத்து வைக்கும்போது மட்டும் தலைவலி வருபவர்கள் இதைச் சோதித்துப் பார்க்கலாம்.

நீல ஒளியைத் தடுக்கும் கண்ணாடி அண்மைக் காலத்துப் பெருவிற்பனைப் பொருள். திரையிலிருந்து வரும் நீல ஒளி பகல் வானத்து ஒளியோடு ஒப்பிட மிகச் சொற்பம். 17 சோதனைகளை ஆராய்ந்து 2023-இல் வெளிவந்த, மருத்துவச் சான்றுகளைத் தொகுக்கும் காக்ரேன் அமைப்பின் தொகுப்பாய்வு, சாதாரண வில்லையைவிட இக்கண்ணாடி குறுகிய காலத்தில் கண் அயர்ச்சியைக் குறைப்பதாகத் தெரியவில்லை என்றது. பெரும்பயன் தருவது வேறு கண்ணாடி. வெள்ளெழுத்துக்கான கண்ணாடி 40 சென்டிமீட்டர் தூரத்துக்குச் செய்யப்படுகிறது. திரையோ 50 முதல் 70 சென்டிமீட்டர் தள்ளி நிற்கிறது. இருபகுதி வில்லை அணிபவர் கீழ்ப்பகுதி வழியே திரையைப் பார்க்க முகவாயை உயர்த்துவார். கழுத்து வலிக்கும், கண்ணும் உலரும். 1980-களில் கலிபோர்னியாவின் பெர்க்லியில் திரைவேலை செய்வோருக்கென்று கண் மருத்துவப் பிரிவு நடத்திய ஜேம்ஸ் ஷீடி போன்றோர், திரையின் தூரத்தை அளந்து அதற்கே கண்ணாடி எழுதும் முறையை வளர்த்தார்கள். அமெரிக்கக் கண்ணளவையர் ஜெஃப்ரி ஆன்ஷெல் பரப்பிய 20-20-20 விதியும் இந்த மரபில் வந்ததே. 20 நிமிடத்துக்கு ஒருமுறை, 20 அடிக்கு அப்பால், 20 நொடி பார்க்கச் சொல்கிறது அது. அந்தத் தூரத்தில் விழித்தசை ஏறக்குறைய முழு ஓய்வில் இருக்கும்.

காரணம் தெரியாத கண் அயர்ச்சியோடு வருபவரை இன்று சோதிக்கும் ஒழுங்கு இந்த வரலாறு கடந்துவந்த படிகளையே தழுவியது. தூரப்பார்வையும் வெள்ளெழுத்தும் முதலில். இரு விழிகளும் சேர்ந்து திரும்பும் திறன் அடுத்து. கண்ணீர்ப்படலமும் இமைச் சுரப்பியும் பிறகு. அதன்பின் வெளிச்சம், பிரதிபலிப்பு, துடிப்பு, அறைக்காற்று, திரையின் உயரம், இடைவேளை. ஒரே ஆளுக்கு இரண்டு மூன்று காரணங்கள் சேர்ந்திருப்பது வழக்கம். ஒன்றைத் தீர்த்தும் குறை நீடித்தால் அடுத்ததைத் தேட வேண்டும். எந்தச் சோதனையிலும் எதுவும் அகப்படாதபோதும், குறை சொல்பவரின் சொல்லைத் தள்ளிவிட மருத்துவத்துக்கு நியாயமில்லை. தாண்டர்ஸுக்கு முந்தைய மருத்துவர்களின் கையிலும் சோதனைகள் இருந்தன. அவை எதையும் காட்டவில்லை. தையற்காரர் சொன்னது அப்போதும் உண்மையாகவே இருந்தது.